கஷ்காவுக்கு யாரும் சொல்லவில்லை

விடிவதற்கு முன் எழுந்து பெகிமாயின் கோட்டைப் போட்டுக்கொண்டேன். பஞ்சு வைத்துத் தைத்த பழுப்புக் கோட்டு. எனக்குத் தோளில் இறுக்கம். கை, மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். அவளுடைய துணியைத் தலையில் கட்டினேன். வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன்.

கஷ்கா திரும்பிப் பார்த்தது. சிவப்பு மாடு, நெற்றியில் வெள்ளைக் கீற்று. அந்தக் கீற்றுக்குத்தான் கஷ்கா என்று பெயர். கோட்டின் கையை முகர்ந்தது. பின்னங்காலைத் தளர்த்தி நின்றது. நான் முக்காலியில் உட்கார்ந்து அதன் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக் கறந்தேன். பேசவில்லை. தொழுவத்தில் நான் பேசுவதே கிடையாது. வாயைத் திறந்தால் அதற்குத் தெரிந்துவிடும்.

என் மனைவி பெகிமாய் பிப்ரவரியில் இறந்தாள். அடுத்த மாதம் மாடு கன்று போட்டது; கன்று தங்கவில்லை. அண்ணன் மனைவி கறக்க வந்தாள், உதைத்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள்; வாளி நசுங்கியது. நான் போனேன். உதைக்கவில்லை, ஆனால் பாலை அடக்கிக்கொண்டது. மடி கல்லாக இறுகிப்போன அன்று ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். யோசித்துச் செய்ததல்ல. பால் வந்தது.

அந்தக் கோட்டு என்னிடம் இருக்கக் கூடாது. இறந்தவர் துணி எதுவும் வீட்டில் தங்கக் கூடாது. உடலைக் கழுவிய பெண்களுக்கும் உறவுக்கும் கொடுத்துவிட வேண்டும். நாற்பதாம் நாளில் எல்லாம் கொடுத்தாயிற்று. அவளுடைய பூட்ஸ் எங்கள் தெருவிலேயே நடமாடுகின்றன. எதிரில் வந்தால் நான் ஏரிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். கோட்டை மட்டும் கொடுக்கவில்லை.

அதைத் தைத்தது அவளுடைய அக்கா துர்சுனாய். போன வாரம் போன் செய்தாள்.

"மாப்ள, நான் தச்ச கோட்டு யாருக்குப் போச்சு?"

"குடுத்தாச்சு மதினி."

"யாருக்குன்னு கேட்டேன்."

"ஒருத்தங்களுக்கு."

"அந்த ஒருத்தங்களுக்குப் பேரு வைக்கலையா?"

நான் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தேன்.

"குடுக்காத துணி அவளுக்குப் போய்ச் சேராது மாப்ள. அங்க குளிர்ல நிப்பா. ஞாயித்துக்கிழமை வரேன், எடுத்து வை."

இன்று ஞாயிறு. மதியம் மினி பஸ்ஸில் வருவாள். சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவாள். மாடு மந்தையிலிருந்து வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரை கோட்டு அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். கோட்டு போனால் பால் நிற்கும். பால் நின்றால் மாட்டைக் கறிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அண்ணன் முன்பே சொல்லிவிட்டான். பெகிமாய் இன்னும் இருக்கிறாள் என்று நினைக்கிற உயிர் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

கறந்து முடித்ததும் கோட்டைக் கழற்றிப் பரணில் புல்லுக்கு அடியில் செருகினேன். மாட்டை வாசலுக்கு ஓட்டினேன். மந்தைக்காரன் ஜுமாஷ் குதிரையில் வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் தெரு முழுக்க மாடுகள்.

"வாத்தியாரே, தூங்கி எழுந்தீங்களா?"

"எழுந்தேன்."

"தலையில துணி."

கையை வைத்துப் பார்த்தேன். அவிழ்க்க மறந்திருந்தேன். அவிழ்த்துப் பைக்குள் போட்டேன்.

"எங்க வீட்டுலயும் பல்வலிக்கு இப்படித்தான் கட்டுவாங்க" என்றான் ஜுமாஷ். "கேட்டா, வாத்தியாருக்குப் பல்வலின்னு சொல்லிடறேன்."

"யாரு கேக்கறா?"

"யாரு கேக்கலைன்னு கேளுங்க. ஊர்ல பால் கறக்கற ஒரே ஆம்பளை நீங்கதான். என் பொண்டாட்டி தினமும் உங்களை உதாரணம் காட்டறா. என் நிம்மதி போச்சு."

சிரித்துக்கொண்டே கஷ்காவின் முதுகில் சாட்டைக் கம்பால் லேசாகத் தட்டினான். மாடு மந்தைக்குள் கலந்தது.

பிறகு வேலை. மெத்தை விரிப்புகளை அவிழ்த்து ஏரிக்கு எடுத்துப் போனேன். எங்கள் தோட்டம் முடிகிற இடத்தில் முள்புதர், அதைத் தாண்டினால் கரை. செப்டம்பரில் ஆள் கிடையாது. கோடையில் வந்த நகரத்துக்காரர்கள் போய்விட்டார்கள். பெகிமாய் இருந்தபோது இரண்டு அறைகளை அவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். இந்த வருடம் விடவில்லை. ஒருவன் வேலிக்கு வெளியே நின்று இடம் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். வீடு முழுக்கக் காலியாக இருந்தது.

தண்ணீரில் முழங்கால் வரை நின்று துணியை மிதித்தேன். எதிர்க்கரை மலையில் பனி கீழே இறங்கியிருந்தது. கால் மரத்தது. மரத்த பிறகு மிதிப்பது சுலபம்.

முறுக்கிப் பிழியும்போது இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஒரு முனையைப் படகு கட்டும் குத்துக்கட்டையில் சுற்றிவிட்டு முறுக்கினேன். ஈரத்துணியைத் தோளில் போட்டு வந்து வேலியில் விரித்தேன். உருளைக்கிழங்கு தோண்டினேன். வாய்க்காலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தேன். முற்றத்தில் மிதித்துக் காயவைத்திருந்த சாணத்தைக் கட்டிகளாக வெட்டிச் சுவரோரம் அடுக்கினேன். அடுப்புச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தரையைத் துடைத்தேன். துடைத்த தரையில் என் கால் தடமே விழுந்தது, மறுபடி துடைத்தேன்.

கடைசியாக எண்ணெய் காய்ச்சினேன். இறந்தவர்களுக்காக எண்ணெயில் எதையாவது பொரித்து வாசனை எழுப்ப வேண்டும். வியாழக்கிழமைகளில் செய்ய வேண்டியது. நான் ஒழுங்காகச் செய்வதில்லை. துர்சுனாய் வாசலில் கால் வைத்ததும் முகர்ந்து பார்ப்பாள். மாவைப் பிசைந்து துண்டு போட்டுப் பொரித்தேன். போர்சோக் உப்ப வேண்டும். என்னுடையது கடலை மிட்டாய் மாதிரி இறுகிக் கருகியது. வாசனை என்னவோ எழும்பியது. தெருக்கோடி வரை போயிருக்கும்.

மதிய பஸ் வந்த சத்தம் கேட்டது. சட்டையை மாற்றிக்கொண்டு சாலைக்குப் போனேன். அவள் அதில் இல்லை. போன் எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது அண்ணன் கெனேஷின் லாரி முற்றத்தில் நின்றது. மேலே புல் கட்டுகள்.

"உள்ள போய்ப் பார்த்தேன்" என்றான். "பளபளன்னு இருக்கு. பொண்ணு பார்க்க யாராவது வராங்களா?"

"பெகிமாயோட அக்கா வராங்க."

"அப்போ கறி எங்க?"

"உருளைக்கிழங்கு இருக்கு."

"அது போதும், வந்த வழியே திரும்பிடுவாங்க."

நான் பரணில் நின்றேன். அவன் கீழிருந்து கவைக்கோலால் கட்டுகளைத் தள்ளினான். வாங்கி அடுக்கினேன். கோட்டு இருந்த மூலையில் மட்டும் நெருக்கி அடுக்கவில்லை. அவன் அதைப் பார்த்தான்.

"அங்க என்ன? கோழி முட்டையா?"

அடுத்த கட்டுக்குக் கை நீட்டினேன்.

அவன் கவைக்கோலைச் சுவரில் சாய்த்தான். "டேய் எர்மெக், எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். யாரும் உன் மூஞ்சிக்கு நேரா சிரிக்கல. அதுக்காக அது நல்லாவா இருக்கு?"

"பால் குடுக்குது."

"உனக்கா குடுக்குது?"

கீழே இறங்கி வந்தேன்.

"இப்படி எத்தனை நாள்? கோட்டைக் குடுத்துடு. அடுத்த ஞாயிறு கராகோல் சந்தைக்கு மாட்டை ஏத்திடறேன். அவளோட வருஷ நினைவுச் சாப்பாட்டுக்குக் குதிரை அறுக்கணும், அதுக்குப் பணம் வேணும், அதையும் நினைச்சுப் பாரு. இல்ல, மதினி முன்னாடி நீயே கறந்து காட்டு. உன் சட்டையில. ஒரு சொம்பு வந்தாக்கூட நான் வாயைத் திறக்கல."

"சரி."

"எது சரி?"

"நாளைக்குச் சொல்றேன்."

லாரியின் கதவைத் திறந்தவன், உள்ளே போய் ஒரு போர்சோக் எடுத்து வந்தான். கடித்துப் பார்த்தான். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

சாயங்கால பஸ்ஸிலும் துர்சுனாய் இல்லை. இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். விரிப்புகளை உள்ளே எடுத்து மடித்தேன். மந்தை திரும்பியது. கஷ்கா தானாகவே வாசலில் பிரிந்து தொழுவத்துக்குள் போயிற்று. பரணில் ஏறிக் கோட்டை எடுத்தேன். புல் ஒட்டியிருந்தது. உதறிப் போட்டுக்கொண்டேன். துணியைக் கட்டினேன். விளக்குப் போடாமல் உட்கார்ந்தேன்.

பால் நன்றாக வந்தது. பாதி வாளி நிறைந்திருக்கும். பின்னால் கதவருகில் ஒரு குரல்.

"ஏண்டி, விளக்கைப் போட்டுக்கிட்டுக் கறந்தா என்ன? கண்ணைக் கெடுத்துக்கிட்டு அப்புறம் என்கிட்ட வந்து ஊசில நூல் கோத்துக் குடுன்னு நிப்ப. வழியில டயர் வெடிச்சுடுச்சு, அந்த டிரைவர் ஒரு ஸ்பேனர்கூட இல்லாம வண்டி ஓட்டறான், நானும் ரெண்டு பொம்பளைங்களும் ரோட்டுல நின்னு, கடைசில ஒரு தர்பூசணி வண்டில ஏறி... கேக்கறியா? ஒரு டீத்தண்ணி வெச்சு..."

குரல் நின்றுவிட்டது.

நான் திரும்பவில்லை. கையையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மாடு பாலை அடக்கிவிடும் என்பது ஒரு காரணம். துர்சுனாயின் பை கீழே விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வாளியில் பால் விழுகிற சத்தம் மட்டும்.

"முடிச்சுட்டு வா" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது விறகு பிளக்கும் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் துடைத்திருந்தாள். வாளியை வைத்துவிட்டு நின்றேன்.

"கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். மடியில் போட்டுத் தடவிப் பார்த்தாள். தோள் தையலில் விரலை விட்டாள்.

"பிரிச்சு வெச்சிருக்க."

"எனக்குச் சின்னது."

"உனக்கா தச்சேன்?" பிரிந்த நூலைக் கிள்ளி எடுத்தாள். "அன்னியிலேருந்து இதைப் போட்டுத்தான் கறக்கறியா?"

"கன்னு போட்டதிலேருந்து."

"மாடு நம்புதா?"

"நம்புது."

"நானே நம்பிட்டேன். மாட்டைச் சொல்லி என்ன." கோட்டை மடித்தாள். பிறகு அவிழ்த்தாள். "அதுக்கு யாரு சொன்னாங்க?"

"எதை?"

"இவ போனதை."

எங்கள் பக்கத்தில் சாவைப் போகிற போக்கில் சொல்லிவிட முடியாது. அதற்கென்று பெரியவர்கள் கூடி வருவார்கள். உட்கார வைப்பார்கள். தனியாக விடமாட்டார்கள். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளே கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒழுங்காகப் படிக்கிறார்களா என்று கேட்டார்கள். இந்த வருடம் பனி அதிகம் என்றார்கள். பிறகு மூத்தவர், கராகோல் ஆஸ்பத்திரியில் பெகிமாயின் ஆயுசு முடிந்ததைச் சொன்னார். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் என் தோளைப் பிடிக்கத் தயாராக இருந்தார்கள். நான் "ம்" என்றேன். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன.

"எனக்கு வந்து சொன்னாங்க" என்றாள் துர்சுனாய். "பட்டாளத்துல இருக்கற எங்க தம்பிக்கு அவனோட ஆபீசரே உக்கார வெச்சு சொன்னாராம். இவ புட்டில பால் குடுத்து வளர்த்த கன்னு இது. அப்பா இவ கல்யாணத்துக்குச் சீரா அனுப்பினப்போ லாரில இவ மடில தலையை வெச்சுக்கிட்டு வந்துது. இதுக்கு ஒருத்தரும் சொல்லல. சொல்லாதது போகட்டும். தினமும் ரெண்டு வேளை போய் ஏமாத்திட்டு வர."

"அது மாடு மதினி."

"தெரியும். எனக்குக் கண்ணு இருக்கு."

"சொன்னாலும் அதுக்குப் புரியாது."

"அப்போ சொல்றதுல உனக்கென்ன கஷ்டம்?"

"கோட்டு இல்லைன்னா பால் நிக்கும்" என்றேன். "அண்ணன் சந்தைக்கு ஓட்டிடுவான்."

"உங்க அண்ணனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா இதை விட்டுட்டுப் போக மாட்டேன் மாப்ள. நாளைக்குக் காலைல முதல் வண்டில நானும் போறேன், இதுவும் போகுது. நீயா சொல்லு, இல்ல அது தானா தெரிஞ்சுக்கட்டும். தானா தெரிஞ்சுக்கறது ரொம்ப மோசம்."

வாளியிலிருந்த பாலில் ஒரு பூச்சி விழுந்திருந்தது. விரலால் எடுத்துப் போட்டேன்.

"நீங்களே சொல்லுங்க."

"நீ வீட்டுக்காரன். நான் பக்கத்துல நிக்கறேன். தனியா விடக் கூடாது, அவ்வளவுதான் முறை."

தொழுவத்து விளக்கைப் போட்டோம். கஷ்கா அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் என் சட்டையில் அதன் தலைப்பக்கம் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கிழவர்கள் ஆரம்பித்த மாதிரி ஆரம்பித்தேன்.

"இன்னிக்கு மந்தை எங்க மேஞ்சுது?"

காதைத் திருப்பியது. இந்தக் குரலை இந்த இடத்தில் அது கேட்டதில்லை.

"மேல புல்லு இருக்கா? இந்த வருஷம் பனி சீக்கிரம் இறங்குது."

துர்சுனாய் என் பின்னால் மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளோ என்னவோ.

"கஷ்கா" என்றேன். "பெகிமாய் இனிமே வர மாட்டா."

"ஒழுங்கா சொல்லு மாப்ள."

"பெகிமாய் செத்துட்டா."

அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். சான்றிதழ் வாங்கப் போன இடத்தில்கூட அண்ணன்தான் பேசினான். வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது குரல். மறுபடி சொன்னேன். "செத்துட்டா. குளிர் காலத்துல. நான் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே. நீ அப்போ சினையா இருந்த, உன்கிட்ட யாரும் வரல."

கழுத்தை நீட்டி என் கையை முகர்ந்தது. சட்டைக் கையை முகர்ந்தது. பெருமூச்சு விட்டது. மாடுகள் எப்போதும் அப்படிச் செய்பவைதான். துர்சுனாய் கோட்டை அதன் மூக்கருகே பிடித்தாள். நக்கியது. வெகுநேரம் நக்க விட்டாள். பிறகு உதறி, தானே போட்டுக்கொண்டாள். அவளுக்குச் சரியாக இருந்தது.

என் தோளில் யாரோ கை வைத்திருப்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தேன். அவள் கைதான்.

இரவு உருளைக்கிழங்கு சாப்பிட்டோம். அவள் போர்சோக்கைத் தேநீரில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். "வாசனை ரோட்டுக்கே வந்துது" என்றாள். ருசியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. விரிப்பு இன்னும் ஈரம் என்று திட்டினாள். உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் தங்கைக்காக ஒப்பாரி சொன்னாள். நான் முறைப்படி வெளியே நின்றேன். பிப்ரவரியில் ஆண்களோடு கம்பை ஊன்றி இதே சுவருக்கு வெளியே நின்றேன். எல்லோரும் சத்தம் போட்டு அழுதார்கள், நான் வாயைத் திறந்து மூடினேன். இப்போது அதுவும் செய்யவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஏரி சத்தமில்லாமல் கிடந்தது.

காலையில் அவளைச் சாலைக்குக் கொண்டுபோய் விட்டேன்.

"இன்னிக்குப் பால் தராது" என்றாள். "எதிர்பார்க்காத. சாவு வீட்டுல அன்னிக்கே அடுப்பு எரியுமா? ஆனா போய் உக்காரு. பேசு. எதையாவது பேசு, பாடம் நடத்தினாலும் சரி."

வண்டி வந்தது. பழுப்புக் கோட்டு படியேறி உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தது. இந்தத் தடவை ஏரிப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. வண்டி வளைவில் மறையும் வரை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து என் சட்டையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மடியை வெந்நீர்த் துணியால் ஒத்தினேன். பேசினேன். நேற்று என்னென்ன வேலை செய்தேன் என்று சொன்னேன். விரிப்பை ஒற்றை ஆளாக முறுக்கிய விதத்தைச் சொன்னேன். மாடு உதைக்கவில்லை. வாளியின் அடி நனைந்தது, அவ்வளவுதான். ஜுமாஷ் தெருவில் குரல் கொடுத்தான். இன்று அனுப்பவில்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, குதிரையைத் தட்டிவிட்டுப் போனான்.

அண்ணன் போன் செய்தான்.

"மதினி வந்தாங்களா?"

"வந்துட்டுப் போயாச்சு."

"கோட்டு?"

"போயாச்சு."

"கறந்தியா?"

"உக்காந்தேன். பால் இல்ல."

"அப்போ ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வண்டி சொல்லிடவா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"துக்கத்துல இருக்கு."

"யாரு?"

"மாடு."

போனில் லாரி இஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவன் அதை அணைத்தான். போனை வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"நேத்து இறக்கின புல்லு குளிர் காலத்துக்குக் காணாது" என்றான். "சாயங்காலம் இன்னொரு லோடு கொண்டு வரேன். பரண்ல இடம் பண்ணி வை."